ஜீப்புக்காக நான் படைத்த கஞ்சாக்காரன்

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் எழுத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை நம்பி வாசித்தவர்கள் இதுவரைக்கும் பொலிஸ்காரர் மட்டும்தான். அது கதையுமல்ல, கட்டுரையுமல்ல. ஓர் அரசாங்க விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாம் கேள்விக்கு நான் எழுதிய விடை. "சந்தேக நபர்கள் பற்றிய விபரம்" என்று அச்சடித்து, கீழே நாலு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் தனித்தாள் இணைத்து மூன்று பக்கம் எழுதினேன். அதில் வருகிற ஆள் இந்த உலகத்தில் இல்லை. அவனைப் பிடிக்கவென்று ஒரு ஜீப்பும் ஓர் ஏ.எஸ்.பி.யும் ஏழு பொலிஸ்காரரும் காட்டுக்குள் போனார்கள். மொழிபெயர்ப்பாளனாக நானும் போனேன்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. நெடுங்கேணிக்கும் அப்பால், தார் வீதி முடிந்து காடு தொடங்குகிற ஓர் ஊரில், காரியாதிகாரி கந்தோர் என்ற பிரதேச அரசாங்க அலுவலகத்துக்கு இரண்டாம் கிளாக்கராக என்னை மாற்றியிருந்தார்கள். முதலாம் கிளாக்கர் ஒருவர் இருந்ததாகக் கேள்வி. நான் இருந்த இரண்டு வருடமும் அவர் மெடிக்கல் லீவில் இருந்தார். அவருடைய மேசை இலாச்சியில் ஒரு சோடி காலுறையும் பாதி தின்ற பனங்கட்டிக் குட்டானும் கிடந்தன. அவரோடு எனக்கிருந்த பழக்கம் அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஆனையிறவு தாண்டினால் வெளிநாடு. வேலிக்கு வேலி ஆள் நின்று, யார் வீட்டில் என்ன கறி என்று மணத்தில் சொல்லுகிற ஊரிலிருந்து வந்தவன் நான். இங்கே என் குவாட்டர்ஸுக்கு ஒரு பக்கம் கந்தோர், மறு பக்கம் குளக்கட்டு, பின்பக்கம் காடு. நாலு மணிக்குக் கந்தோர் மூடும். நாலரைக்கு வவுனியா பஸ் போகும். அது போனபின் வீதியில் தூசு அடங்க எவ்வளவு நேரம் செல்லும் என்று எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் அந்தப் பொழுதுபோக்கும் இல்லை.

ஊர்ச்சனம் நல்ல சனம். ஆனால் கிளாக்கரோடு யார் கதைப்பார்கள்? "ஓம் ஐயா", "இல்லை ஐயா", "நாளைக்கு வாறன் ஐயா." ஒரு கிழமைக்கு இந்த மூன்று வசனத்தையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தால் மனிதனுக்கு என்ன நடக்கும் என்பதை ஒரு மருத்துவர்தான் ஆராய வேண்டும். ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் வாசித்து முடித்து, அரசாங்க வர்த்தமானியை வாசிக்கத் தொடங்கினேன். பிறகு, மனிதக் குரல் ஒன்று கேட்கட்டுமே என்று சத்தம் போட்டு வாசிக்கத் தொடங்கினேன். கந்தோர் பியோன் அதை வேலிக்கு அப்பால் நின்று கேட்டுவிட்டு, "கிளாக்கர் ஐயா பின்னேரத்திலை தனியக் கதைக்கிறார்" என்று ஊரில் போய்ச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு "ஓம் ஐயா" கூட ஒரு முழம் தள்ளி நின்றுதான் வந்தது.

அரசாங்கம் இரண்டாம் கிளாக்கருக்கு இரண்டு கதிரை தந்திருந்தது. அந்த இரண்டாவது கதிரையில் உட்கார்ந்த ஒரே மனிதர் ஊரின் நாட்டு வைத்தியரான பரியாரியார்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. தலைமுறை தலைமுறையாக நிலம் பார்த்து மூலிகை தேடியதால் வந்த கூனல் என்று தன் கூனலுக்கு விளக்கம் சொல்லுவார். எனக்கும் கூனல் உண்டு. அது மேசையால் வந்தது, பரம்பரைப் பெருமை ஒன்றுமில்லை. தோளில் துணிப்பை, கையில் கறுப்புக் குடை. வெயிலோ மழையோ அந்தக் குடையைக் கைவிட மாட்டார். யானை எதிர்ப்பட்டால் குடையைப் படாரென்று விரிக்க வேண்டுமாம்; யானை திகைத்துத் திரும்பிவிடுமாம். "எத்தினை தரம் விரிச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன். "ஒருக்காவும் இல்லை. என்னட்டைக் குடை கிடக்குதெண்டு அதுகளுக்குத் தெரியும்" என்றார். அடுத்த சம்பளத்தில் நானும் ஒரு கறுப்புக் குடை வாங்கினேன்.

நோயாளிகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில், ஐந்து மணியளவில் வருவார். நான் தேத்தண்ணி வைப்பேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். பிறகு மலச்சிக்கல், யானை, காணி வழக்கு என்ற மூன்று பொருளில் ஒன்றைத் தொடங்குவார். எனக்கு மூன்றும் இனித்தன. அவருக்கு மனைவி, நாலு பிள்ளைகள், மாமியார், ஒரு பட்டி மாடு. கதைக்க ஆள் தேடி என்னிடம் வர வேண்டிய தேவை அவருக்கு இல்லை. இரக்கத்தில்தான் வந்தார். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தேன். பசித்தவன் பிச்சைச் சோறா விருந்துச் சோறா என்று பார்ப்பதில்லை.

ஒருநாள் நித்திரை வருகுதில்லை என்று சொன்னேன். அடுத்த நாள் வாழை இலைத் துண்டில் ஒரு லேகிய உருண்டை கொண்டுவந்தார். தின்றேன். காலையில் பியோன் வந்து கதவைத் தட்டித்தான் எழும்பினேன்.

"என்ன பரியாரியார் உதுக்குள்ளை?"

"பதினேழு சரக்குக் கிடக்கு. அதிலை ஒண்டு கஞ்சா. பயப்பிடாதேங்கோ, சுண்டுவிரல் நகமளவுதான்."

அவருடைய மாட்டுப்பட்டிக்குப் பின்னால், கொச்சிக்காய், அதாவது மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில், இரண்டு கஞ்சாச் செடி நின்றது. ஒளிவு மறைவாக அல்ல, ஊருக்கே தெரியும். பொலிஸ் சார்ஜனுக்கும் தெரியும். அவருடைய முழங்கால் வாதத்துக்கு அதே லேகியந்தான். நான் போய்ப் பார்த்தபோது பரியாரியார் "எது கஞ்சா, சொல்லுங்கோ பாப்பம்" என்றார். நான் வெகு நிச்சயத்தோடு ஒரு கொச்சிக்காய்ச் செடியைக் காட்டினேன். அவருடைய மாமியார் சிரித்த சிரிப்பில் மாடுகள் திரும்பிப் பார்த்தன.

எங்கள் பக்கத்தில் கஞ்சா என்றால் அவ்வளவுதான். மருந்துக்குக் கொஞ்சம், வேட்டைக்காரர் மரை இறைச்சிக் கறிக்குக் கொஞ்சம். உள்காட்டில் காடு வெட்டிப் பயிரிட்ட பெரிய சேனைகள் இருக்கின்றன, லொறியில் ஏற்றி அனுப்புகிறார்கள் என்று கதை இருந்தது. ஆனால் அதைக் கண்டவர் என்று எவரும் இல்லை; கண்டவரைக் கண்டவர்கள்தான் இருந்தார்கள்.

இப்படியிருக்கையில் கொழும்பிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. சட்டவிரோதப் போதைப்பொருள் உற்பத்தியும் கடத்தலும் நடக்கிற பிரதேசங்களின் பொலிஸ் நிலையங்களுக்கு அரசாங்கம் விசேஷ மானியம் தரப்போகிறது. வாகனம், பெற்றோல், மேலதிக ஆட்கள், துப்புச் சொல்வோருக்குச் சன்மானம். எங்கள் நிலையத்தில் ஒரு சார்ஜன், மூன்று பொலிஸ்காரர், ஒரு சைக்கிள். சைக்கிளுக்கு மணி இல்லை. சார்ஜன் ஐம்பது வயது மனிதர், மட்டக்களப்புப் பக்கம். வாத முழங்காலோடு எட்டுக் கட்டை காட்டு வழியைச் சைக்கிளில் உழக்கித்தான் வழக்கு விசாரிக்கப் போவார். படிவத்தோடு அவர் என் கந்தோருக்கு வந்தார்.

"தம்பி, உந்தப் படிவத்தை ஒருக்கா இங்கிலிஷிலை நிரப்பித் தாங்கோ."

"இஞ்சை கஞ்சாக் கடத்தல் நடக்குதோ சார்ஜன்?"

"அது ஜீப் வந்தாத்தானே தெரியும்."

அந்த வாதத்தில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. முழங்காலைத் தடவியபடி அவர் சொன்னார், "கொஞ்சம் கூட்டி எழுதுங்கோ. குறைச்சு எழுதினா முல்லைத்தீவுக்குக் குடுத்திடுவாங்கள்."

கொஞ்சம் கூட்டி எழுதச் சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். மிச்சமெல்லாம் என்னுடையது. எட்டுக் கேள்விக்கு ஒழுங்காக விடை எழுதினேன். ஒன்பதாவதுக்கு வந்தபோது, எங்கோ கொழும்பில் ஒரு மேசையில் ஒருவர் இருக்கிறார், இதை அவர் வாசித்தே ஆக வேண்டும், அதற்காக அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற நினைவு வந்தது. வாசகன். எனக்கு ஒரு வாசகன். மாதக்கணக்கில் சுவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியவனுக்கு இந்த நினைவு லேகியத்தைவிட மோசமாக ஏறியது.

நாலு நாள் எழுதினேன். துப்பறியும் நாவல்களில் வருவதுபோல ஒரு மர்ம மனிதனை உண்டாக்கினேன். ஆளைப் படைக்கலாம், ஆனால் உடம்பு வேண்டுமே. முகம் முகமாகப் பார்த்துத் திரிகிற வசதி எனக்கு இல்லை. நான் நின்று நிதானித்துப் பார்த்த மனிதர் அந்த ஊரில் ஒருவர்தான். ஆகவே உடம்பைப் பரியாரியாரிடமிருந்து எடுத்தேன்: மெலிவு, கூனல், துணிப்பை, குடை. வாழ்க்கையை நானே கட்டினேன். அந்த நேரத்தில் அது தவறாகத் தெரியவில்லை. எழுத்தாளர்கள் செய்வதுதானே என்றிருந்தது. எழுத்தாளர்கள் செய்வதைப் பொலிசுக்கு அனுப்புவதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

சார்ஜன் கையெழுத்து வைத்தார். ஐந்து மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, ஒரு திங்கட்கிழமை, ஜீப் வந்தது.

அதற்குள் மேலதிகமாக நாலு பொலிஸ்காரரும் ஓர் ஏ.எஸ்.பி.யும் இருந்தார்கள். ஏ.எஸ்.பி. கொழும்பில் பிறந்த இளம் துரை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சப்பாத்து அவ்வளவு புதிது. மேலிடத்தில் அந்த விண்ணப்பம் பெரிய கவனத்தை ஈர்த்திருக்கிறது என்றார். இவ்வளவு துல்லியமான விபரம் வேறெந்த நிலையத்திலிருந்தும் வரவில்லையாம். மூன்று பக்கத்தையும் பிரதி எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். "முதலில் இந்தக் குடைக்காரனைப் பிடிப்போம். பிறகு அவனுடைய தோட்டத்தைப் பிடிப்போம்" என்று இங்கிலிஷில் சொன்னார். சார்ஜன் என்னைப் பார்த்தார்.

"என்னவாம் தம்பி?"

"ஒரு குடைக்காரனைப் பிடிக்கப் போறாராம்."

"ஆர் அவன்?"

"தெரியேல்லை" என்றேன். கந்தோர் யன்னலால் பார்த்தேன். வீதியில், வெயிலுக்குக் குடை பிடித்தபடி, தோளில் பையோடு, கூனிக்கொண்டு பரியாரியார் போய்க்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். குடைக்காக ஒருவரைச் சிறையில் போட முடியாது. ஆனால் குடைக்காரரைத் தொடர்ந்து வீட்டுக்குப் போனால், மாட்டுப்பட்டிக்குப் பின்னால் இரண்டு செடி நிற்கிறது. மானியம் கொடுத்த அரசாங்கத்துக்கு ஏதாவது காட்ட வேண்டும். இரண்டு செடியும் ஒரு பரியாரியாரும் கிடைத்தால் ஏ.எஸ்.பி. விடுவாரா? நாலு பிள்ளைகள், மாமியார், பட்டி மாடு, பதினேழு சரக்கு எல்லாம் என் ஒன்பதாம் விடையின் கீழ் வந்து நின்றன.

அன்று ஐந்து மணிக்கு அவர் வந்தபோது எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுற்றி வளைத்தேன்.

"பரியாரியார், மாட்டுப்பட்டிக்குப் பின்னாலை நிக்கிறதை இப்போதைக்குப் பிடுங்கினா நல்லதெல்லோ? பொலிஸ் வந்து நிக்குது."

"அது மருந்து தம்பி. மருந்துக்கு ஆர் பயப்பிடுறது?" தேத்தண்ணியைக் குடித்து முகத்தைச் சுளித்தார். "ஆனா நீங்கள் ஏன் பயப்பிடுறியள்?"

"நான் பயப்பிடேல்லை."

"முகம் வேறை சொல்லுது" என்றார். வயிற்றில் பிழையோ என்று நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் சிறிது. சொன்னால் அந்தக் கதிரை காலியாகிவிடும். அவருடைய வாழ்வா என்னுடைய பின்னேரமா என்ற கேள்வியில் நான் பின்னேரத்தைத் தேர்ந்தேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். வெகு இரகசியமான நடவடிக்கை. ஆகவே ஊர் முழுவதும் வீதிக்கரையில் நின்று பார்த்தது. சார்ஜன் முன்னால் உட்கார்ந்து, வழியில் நின்ற ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். நான் பின்னால், பொலிஸ்காரரின் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தேன்.

காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பாலை மரமும் அதன் அடியில் பிள்ளையாராக ஒரு கல்லும் உண்டு. அங்கே ஜீப் நின்றது. துரை "ஏன் நிற்கிறோம்?" என்று கேட்பதற்குள் பொலிஸ்காரர் எல்லாரும் குதித்து இறங்கிவிட்டார்கள். வன்னியில் காட்டுக்குள் போகிறவன் பச்சைக் குழை ஒன்றை முறித்துப் பிள்ளையாரின் மரத்தடியில் போட்டுவிட்டுத்தான் போவான். ஆளுக்கு ஒரு குழை. போடாவிட்டால் யானை மறிக்கும், வழி தவறும், பாம்பு கொத்தும். அதைவிட ஒன்று: அந்த மரத்தடியில் நின்று பொய் சொல்லக்கூடாது. காணி வழக்கில் கோட்டில் கூசாமல் பொய் சொல்லுகிறவனையும் இங்கே கூட்டிவந்தால் எல்லைக்கல் எங்கே இருந்தது என்று சொல்லிவிடுவான்.

இதையெல்லாம் துரைக்கு விளங்கப்படுத்தினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "அப்படியென்றால் பின்னால் வருகிறவன் குழையை எண்ணினால் எத்தனை பேர் உள்ளே போனோம் என்று அறிவானா?"

"ஓம் சேர். வாடியிருக்கிற விதத்தைப் பார்த்து எத்தனை மணிக்கு என்றும் சொல்லுவான்."

இரகசிய நடவடிக்கைக்குப் போகிறவர்கள் வாசலில் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவதை அவர் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் படித்திருக்க மாட்டார். குழையை எல்லாம் அள்ளி எறியச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. சார்ஜன் மிகப் பணிவாக, "துரை வேணுமெண்டால் எறியட்டும். நான் பென்சனுக்குக் கிட்ட நிக்கிறன்" என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். துரை சற்று நேரம் காட்டைப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தானும் ஒரு சிறிய குழையை முறித்துப் போட்டார்.

அந்த நேரத்தில்தான் காட்டுக்குள்ளிருந்து பரியாரியார் வந்தார். பையில் வேரும் பட்டையும் நிறைந்திருந்தன. விரித்த குடை, கூனல். நான் எழுதிய முதலாம் பக்கம் கால் முளைத்து நடந்து வந்ததுபோல் இருந்தது.

துரை சட்டைப்பையிலிருந்து தாள்களை எடுத்தார்; தாளைப் பார்த்தாரே தவிர ஆளைப் பார்க்கவில்லை. "காட்டில் புழங்குகிறவர். இவரிடம் இந்த ஆளைத் தெரியுமா என்று கேளும். ஒவ்வொரு வரியாகச் சொல்லும்."

அப்படியாக, நான் எழுதியதை ஒரு துரை இங்கிலிஷில் வாசிக்க, பிள்ளையாருக்கும் ஏழு பொலிஸ்காரருக்கும் முன்னால் நான் தமிழில் சொன்னேன். யாரைப் பார்த்து எழுதினேனோ அவருக்கே சொன்னேன்.

"மெலிந்த ஆளாம். கொஞ்சம் கூனலாம். கறுப்புக் குடையும் துணிப்பையும் வைச்சிருப்பானாம்."

பரியாரியார் தலையாட்டினார். துரை வாசித்தார்.

"பகலிலை எல்லாரோடையும் மரியாதையா நடப்பானாம். ஆனா அவன்ரை மனம் என்ன நினைக்குதெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். பின்னேரத்திலை குளக்கட்டிலை தனிய நடப்பானாம். தனக்குள்ளை கதைப்பானாம்."

"ம்."

"அவனுக்குச் சிநேகிதர் இல்லையாம். அவன்ரை சன்னலிலை விளக்கு பிந்தித்தான் நூர்ந்து அணையுமாம். தூர இடத்திலையிருந்து ஒரு கடிதத்தை எதிர்பார்க்கிறவன் மாதிரி எப்பவும் வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பானாம்."

மாற்றியிருக்கலாம். கூனலை நிமிர்வு என்றும், குடையை வேட்டைத் துவக்கு என்றும் சொல்லியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். உண்மை வேறு. அவ்வளவு நல்ல வசனங்களைக் கெடுக்க மனம் வரவில்லை. அந்தக் கடித வரியில் என் குரல் சற்றுத் தழுதழுத்தது என்றுகூட நினைக்கிறேன்.

"ஆர் தம்பி உவன்?" என்றார் சார்ஜன் மெதுவாக. "எனக்கே பாவமாக் கிடக்கு."

பரியாரியார் என்னையே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்காமல் நான் பிள்ளையாரைப் பார்த்தேன். அங்கேயும் பார்க்க முடியவில்லை. பிறகு அவர் குடையை மடக்கினார். மரத்தைத் தொட்டார்.

"துரைக்குச் சொல்லுங்கோ. அந்த ஆளை எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும். ஆனா அவர் ஒரு அப்பாவி. கஞ்சாச் செடியையும் கொச்சிக்காய்ச் செடியையும் பக்கத்திலை வைச்சால் எது எதெண்டு தெரியாத மனிசன். இந்த மரத்தடியிலை நிண்டு நான் பொய் சொல்ல மாட்டன்."

பதினேழு சரக்கையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற மனிதர், பிள்ளையாரின் மரத்தைத் தொட்டுக்கொண்டு, தனக்குக் கஞ்சாவே தெரியாது என்கிறார். என்னால் அவருக்கு வந்த பொய்.

துரை என்னைப் பார்த்தார். பரியாரியார் சொன்னதை உள்ளபடி சொன்னால், "அந்த ஆளின் பெயரென்ன?" என்பது அடுத்த கேள்வி.

"அப்படி ஒருவரை ஒருநாளும் கண்டதில்லையாம், சேர்" என்றேன் இங்கிலிஷில்.

சுற்றி நின்ற ஏழு பேருக்கும் தமிழ் தெரியும். அதில் மூன்று பேருக்காவது இங்கிலிஷும் தெரியும். ஒருவர் தொப்பியைக் கழற்றித் தூசு தட்டினார். சார்ஜன் இருமினார். பரியாரியார் குடையை விரித்துக்கொண்டு ஊர்ப்பக்கம் நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று முழுவதும் காட்டில் அலைந்தோம். ஒரு பழைய சேனையும் காவல் பரணும் கண்டோம். பரணுக்குக் கீழே அடுப்புச் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. பானையில் பாதி வெந்த சோறு. கஞ்சாக்காரனோ தேன் எடுக்க வந்தவனோ, யாரோ ஒருவன் எங்கள் குழைகளை எண்ணியிருக்கிறான். துரையின் சப்பாத்து மட்டும் பழையதாகித் திரும்பி வந்தது.

மூன்று மாதம் ஜீப் நின்றது. அந்த மூன்று மாதத்தில் அதனிடம் அகப்பட்டது ஒரு காட்டுப்பன்றி. அதுவும் குறுக்கே ஓடியதால். மானியம் வேறு பிரதேசத்துக்குப் போயிற்று. ஜீப்பும் போயிற்று. மாட்டுப்பட்டிக்குப் பின்னால் நின்ற இரண்டு செடியையும் ஒருவரும் தேடிப்போகவில்லை. சார்ஜன் பழைய சைக்கிளை எடுத்துத் துடைத்தார். "பறவாயில்லைத் தம்பி. மூண்டு மாசம் முழங்கால் மடங்காமல் திரிஞ்சனான்" என்றார். யார் மீதும் அவருக்குக் குறை இல்லை.

ஆனால் பரியாரியார் வரவில்லை.

அந்த மரத்தடிக்குப் பிறகு முதல்நாள் வரவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி வைத்து இரண்டையும் நானே குடித்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு, அவர் வழியை மாற்றிவிட்டார் என்று தெரிந்தது. ஐந்து மணிக்குக் குளத்தின் அந்தக் கரையில், வெகு தூரத்தில், ஒரு கறுப்புக் குடை போகும். என் வீட்டுப் பக்கம் வந்ததும் சற்றுச் சரியும். முகம் மறைகிற மாதிரி. ஒவ்வொரு நாளும் அதைப் பார்ப்பதற்காகவே குளக்கட்டுக்குப் போய் நின்றேன். நின்றுவிட்டு, என் குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவேன்.

இரண்டாவது கதிரையைப் பார்க்கப் பொறுக்காமல் குசினியில் கொண்டுபோய் வைத்தேன். குசினியில் அது இன்னும் மோசமாக இருந்தது. திரும்பவும் முன்னுக்குக் கொண்டுவந்தேன். மன்னிப்புக் கேட்டு ஐந்து பக்கக் கடிதம் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன், நன்றாக வந்திருந்தது. என் எழுத்து ஏற்கெனவே அந்த மனிதருக்குச் செய்தது போதும் என்று கிழித்துப் போட்டேன். நேரே போய்ச் சொல்ல அவர் வீட்டுப் படலை வரைக்கும் இரண்டு தரம் போனேன். உள்ளே பிள்ளைகளின் சத்தமும் மாமியாரின் சிரிப்பும் கேட்டன. திரும்பிவிட்டேன். லேகியமும் இல்லை, நித்திரையும் இல்லை. எனக்கு இருந்த ஒரே ஆறுதல், அன்று மரத்தடியில் பொய் சொல்லியாவது அவரைக் காப்பாற்றினேன் என்பது. அதைத் தினமும் எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்வேன்.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு முரசுமோட்டைப் பக்கம் மாற்றம் வந்தது. புறப்படுகிற நாள், பெட்டியும் குடையுமாகப் பஸ்சுக்கு நின்றேன். வழியனுப்ப வந்தவன் பியோன் மட்டுந்தான். அவனும் ஒரு முழம் தள்ளித்தான் நின்றான். நாலேகாலுக்கு, வீதியின் மறுபக்கத்தால், குடையோடு பரியாரியார் வந்தார். இரு பக்கமும் பார்த்துவிட்டு வீதியைக் கடந்தார். வாழை இலையில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கையில் தந்தார்.

"புது இடம். நித்திரை வராது. ரெண்டு கிழமைக்குக் காணும்."

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஏழு மாதமாக மனதில் வைத்திருந்ததை, ஒரு வசன அழகும் இல்லாமல், கொட்டிவிட்டேன்.

"பரியாரியார், என்னை மன்னிக்க வேணும். அண்டைக்குத் துரை வாசிச்ச ஆள் நீங்கள்தான். எழுதினது நான். உங்களைப் பார்த்துத்தான் எழுதினனான். ஆனா உங்களைக் காட்டிக்குடுக்காமல் இருக்கத்தான் துரைக்குப் பொய் சொன்னனான்."

அவர் குடையைச் சற்று உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"ஆரை? என்னையோ?"

"ஓம்."

"எனக்கு வீட்டிலை ஆறு பேர் தம்பி. தனக்குள்ளை கதைக்க எனக்கு எங்கை நேரம்? சிநேகிதர் இல்லை, தனிய நடப்பான், விளக்கு நூராது, வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அது நீங்களெண்டு அந்த மரத்தடியிலை நிண்ட எல்லாருக்கும் விளங்கினது. ஆரோ உங்களுக்கு மொட்டைக் கடிதம் போட்டிட்டாங்கள், துரை உங்கட வாயாலையே சொல்ல வைச்சுப் பார்க்கிறாரெண்டு நினைச்சன். அதுதான் நல்ல வார்த்தை ரெண்டு சொல்லிவிட்டனான்."

பஸ் வந்து நின்றது. பெட்டியை ஏற்றினார்கள். படியில் கால் வைத்தபடி கேட்டேன்.

"அப்ப ஏன் அதுக்குப் பிறகு நீங்கள் வீட்டை வரேல்லை?"

"பொலிஸ் தேடுற ஆளின்ரை வீட்டிலை போயிருந்து தேத்தண்ணி குடிக்க எனக்கென்ன விசரே?" என்றார் பரியாரியார். "அதுவும் உங்கட தேத்தண்ணி."